முன்னே போய்க் காத்திருப்பவர்கள்



இன்றைய பேச்சின் பொருள் ஓட்டம். ஆனால் ஓடுகிறவரைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வரும். ஒரு கால்வாய்க் கரையோரமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறார் ஒருவர். அவருக்கு முன்னால் போய், ஏதோ ஒரு பாலத்தடியில், வெந்நீர்ப் பிளாஸ்கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் இன்னொருவர். முதலாமவர் பெயர் முடிவுப் பட்டியலில் வரும். இரண்டாமவர் பெயர் எங்கேயும் வராது. இன்று இந்த இரண்டாமவரைத்தான் கொஞ்சம் மேடைக்கு அழைத்து வரப்போகிறோம்.

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். அந்த வகையில் இங்கிலாந்தில் பேர்போன ஒன்று, கிராண்ட் யூனியன் கால்வாய் ஓட்டம். பர்மிங்காம் நகரின் கேஸ் ஸ்ட்ரீட் படகுத்துறையில் புறப்பட்டு, லண்டனில் லிட்டில் வெனிஸ் என்ற இடத்தில் முடிகிறது. தூரம் 145 மைல். நம் கணக்கில் 233 கிலோமீட்டர். மே மாதக் கடைசியில் திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறை வருகிற வாரம் பார்த்து வைப்பார்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்குப் புறப்பாடு. கெடு 45 மணி நேரம். அதாவது திங்கள் விடிவதற்கு முன், அதிகாலை 3 மணிக்குள் லண்டன் போய்ச் சேர வேண்டும்.

45 மணி நேரத்தில் 233 கிலோமீட்டர் என்றால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். இது என்ன பெரிய வேகம், காலையில் பூங்காவில் நடப்பவர்கள் இதைவிட வேகமாகப் போகிறார்களே என்று கேட்கலாம். கேளுங்கள்! ஆனால் அந்த நடையை சனிக்கிழமை காலையில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவிலும் நிறுத்தாமல் நடந்து பாருங்கள். சாப்பிடுகிற நேரமும், காலணி மாற்றுகிற நேரமும், மரத்தடியில் ஒதுங்குகிற நேரமும் அந்த 45 மணி நேரத்துக்குள்தான் அடக்கம். இதில் ஒரு விதி வேறு இருக்கிறது. எங்கேயும் ஒரே இடத்தில் 40 நிமிடத்துக்கு மேல் தங்கக் கூடாது. தங்கினால் ஆட்டம் முடிந்தது. இதிலே எங்கே தூங்குவது?

மலையேற்றம் கிடையாது, பாலைவன வெயில் கிடையாது, கரடி கிடையாது. தண்ணீர் ஓரமாகத் தட்டையான பாதை. அப்படியிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் புறப்பட்டவர்களில் கணிசமானவர்கள் லண்டன் போய்ச் சேருவதில்லை. ஏன்? தட்டையாக இருப்பதுதான் தொல்லை! மலையில் ஏறும்போது ஒரு தசை வேலை செய்யும், இறங்கும்போது இன்னொன்று வேலை செய்யும், முன்னது கொஞ்சம் ஓய்வெடுக்கும். கால்வாய்க் கரையில் அந்தச் சலுகை இல்லை. ஒரே தசை, ஒரே மூட்டு, ஒரே பாதத்தின் ஒரே மூலை, ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை, லட்சம் முறை. ஒரு சின்ன உராய்வு 10 மைலில் சிவக்கும். 40 மைலில் கொப்புளமாகும். 80 மைலில் அதுவே ஆளை உட்கார வைத்துவிடும்.

சரி, இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது? ஓட்டக்காரர்களுக்காகவா? இல்லை, குதிரைகளுக்காக! ரயில் வருவதற்கு முன்னால் இங்கிலாந்தின் நிலக்கரியும் இரும்பும் படகில்தான் போயின. கரையில் குதிரை நடக்கும், அதன் பின்னால் நீண்ட கயிறு, கயிற்றின் மறுமுனையில் படகு. லண்டனை நாட்டின் நடுப்பகுதியோடு இணைக்க கிராண்ட் ஜங்ஷன் கால்வாயை வெட்டத் தொடங்கியது 1793இல். வில்லியம் ஜெசப் தலைமைப் பொறியாளர். 1805இல் பிளிஸ்வொர்த் சுரங்கம் திறந்தபோது அந்த வழி முழுமையானது. பிறகு 1929இல் இதையும் அக்கம்பக்கத்துக் கால்வாய்களையும் ஒன்றாக்கி கிராண்ட் யூனியன் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பழைய பாலங்களுக்குக் கீழே போகும்போது மூலையைக் கவனிக்க வேண்டும். செங்கல் தேயாமல் இருக்க அங்கே ஓர் இரும்புத் தகட்டைப் பதித்திருப்பார்கள். அந்த இரும்பில் விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகக் குழிகள் இருக்கும். உளி வைத்துச் செதுக்கியதில்லை. ஈரக் கயிறு, அதில் ஒட்டிய மணல், நூறாண்டுக்கு மேல் ஒவ்வொரு படகும் உரசிப் போன உரசல். இரும்பைக் கயிறு அறுத்த தடம் அது.

இரும்பையே அறுக்கும் உரசல் பாதத்தை விட்டுவைக்குமா?

இந்தக் கால்வாயில் படகு ஓட்டியவர்களும் தனியாகப் போகவில்லை. லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவே 160க்கும் மேற்பட்ட லாக்குகள் இருக்கின்றன. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகை உள்ளே நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அதை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மாற்றுவார்கள். படகு வந்து சேரும்போது லாக் தயாராக இல்லாவிட்டால், தண்ணீர் நிரம்பும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதற்காக ஒருவர் முன்னாலேயே சைக்கிளில் போவார். அடுத்த லாக்கின் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். படகு நேராக உள்ளே நுழையும். உடனே அவர் அடுத்த லாக்குக்குக் கிளம்பிவிடுவார்.

வார்விக் அருகே ஹாட்டன் என்ற இடத்தில் இப்படி 21 லாக்குகள் இரண்டு மைலுக்குள் வரிசையாக இறங்குகின்றன. 45 மீட்டர் இறக்கம். அந்த இடத்தில் முன்னே போய்க் கதவு திறக்க ஆள் இல்லாத படகின் கதி என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆண்கள் படைக்குப் போய்விட, இந்த வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். கால்வாயையே அதுவரை பார்த்திராதவர்கள் பலர். மூன்று பெண்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய இரண்டு படகுகள், ஏறத்தாழ 50 டன் சரக்கு. லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு உலோகம், திரும்பும்போது கோவன்ட்ரி பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி. மூவரில் ஒருத்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய் லாக் திறப்பாள். மழையா, பனியா, இருட்டா, அதெல்லாம் கணக்கில்லை. இன்று ஓட்டக்காரர்கள் வருகிற அதே கரை!

பிளிஸ்வொர்த் சுரங்கத்தையும் சொல்ல வேண்டும். நீளம் 2.8 கிலோமீட்டர். உள்ளே கரைப்பாதையே கிடையாது. குதிரையை அவிழ்த்து மலை மேலே ஓட்டிக்கொண்டு போவார்கள். படகை எப்படி நகர்த்துவது? இரண்டு பேர் படகின் முனையில் பலகை போட்டு மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதற்கென்றே அங்கே கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். இன்றைய ஓட்டக்காரர் சுரங்கத்துக்குள் போவதில்லை. குதிரை ஏறிய அதே மேட்டுவழியில்தான் ஏறி இறங்குகிறார். அப்பால் இறங்கினால் ஸ்டோக் புரூர்ன் கிராமம். படகுக்காரர்களுக்கு ஊர் நிலையில்லை, வைத்தியர் நிலையில்லை. அவர்களுக்கு இந்தக் கிராமத்தில் மேரி வார்ட் என்ற செவிலி பல பத்தாண்டுகள் கரையோரத்திலேயே மருத்துவம் பார்த்தார். படகு நிற்கிற நேரத்துக்குள் காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார். அந்தத் தொண்டுக்காக 1951இல் அரசு விருது பெற்றார்.

இனி இன்றைய கரைக்கு வருவோம். ஓட்டக்காரர்களில் இரண்டு வகை. தன் துணைக்குழுவோடு வருபவர்கள் ஒரு வகை. குழு இல்லாமல் வருபவர்கள் இன்னொரு வகை. குழு இல்லாதவர் என்றால் துணை இல்லாதவர் என்று பொருளில்லை. அவருடைய பையை வழியிலுள்ள நிலையத்துக்கு நிலையம் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் தன்னார்வலர்கள். சூடாக ஏதாவது கொடுப்பார்கள். எண்ணைக் குறித்து, நேரத்தைக் குறித்து, கண்ணைப் பார்த்து, இந்த ஆள் மேலே போகத் தகுந்த நிலையில் இருக்கிறாரா என்று தீர்மானிப்பார்கள். இந்த ஓட்டத்தைப் பல்லாண்டுக் காலம் நடத்தியவர் டிக் கியர்ன். லிட்டில் வெனிஸில் நின்று, வந்து சேர்ந்தவர்களுக்குத் தன் கையாலேயே பதக்கம் மாட்டிவந்தார்.

துணைக்குழு வைத்திருப்பவரின் கார் டிக்கியைத் திறந்து பார்த்தால் ஒரு சின்னக் குடித்தனமே இருக்கும். மடக்கு நாற்காலி, இரண்டு ஜோடி காலணி, அதில் ஒன்று அரை அளவு பெரியது. நாளைக்கு அந்தக் கால் வீங்கும் என்று இன்றைக்கே தெரியும். ஏழெட்டு ஜோடி காலுறை, வாசலின், கொப்புளத்துக்கு ஊசி, பிளாஸ்திரி, தலைவிளக்குக்கு பேட்டரி, மழைக்கோட்டு. உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, டின்னில் அடைத்த அரிசிப் பாயசம், வாயு போக்கிய கோலா, பிளாஸ்கில் தேநீர். இத்தனைக்கும் மேல் ஒரு வரைபடம், அதில் பால எண்கள். கால்வாயில் ஒவ்வொரு பாலத்துக்கும் எண் தகடு உண்டு. ஊர் பெயர் தெரியாத இருட்டில், ‘எங்கே இருக்கிறாய்?’ என்று போனில் கேட்டால், ‘இப்போதுதான் இத்தனாம் நம்பர் பாலம்’ என்று பதில் வரும். உடனே காரைக் கிளப்பி, ஒற்றையடிச் சாலைகளில் வளைந்து வளைந்து, வேலியோரம் நிறுத்தி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவார்கள்.

வந்து சேர்ந்தவர் உட்கார்ந்ததும் ஒருவர் காலணியைக் கழற்றுவார். ஈரக் காலுறையை உரிப்பார். பாதம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். துண்டால் ஒற்றி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கி, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, தோலை உரிக்காமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுவார். அதற்குள் இன்னொருவர் கிண்ணத்தை நீட்டுவார். மூன்றாமவர் கையில் கடிகாரம். ‘இன்னும் நாலு நிமிஷம். எழுந்திரு!’ என்பார். அன்பில்லாததால் அல்ல, நாற்காலியில் சுகம் கண்டவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்ததால்.

கோயில் தேரை இழுக்கும்போது வடம் பிடிக்கிறவர்களைத்தான் ஊர் பார்க்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்தே வருகிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். நல்ல துணைக்குழுவும் அப்படித்தான். முதல் 30 மைலில் அவர்கள் வேலை, ஓட்டக்காரரைத் தடுப்பது. காலை நேரம், குளிர் காற்று, கால்களில் புது வலு. எல்லோரும் வேகமாகத்தான் கிளம்புவார்கள். ‘மெதுவாகப் போ, இன்னும் மெதுவாகப் போ’ என்று சொல்லிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

அன்பு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. அறிவில்லாத உபசாரம் ஆளைக் கொன்றுவிடும்! 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தண்ணீர் குடிக்காததால் அல்ல, பெரும்பாலும் அளவுக்கு மீறிக் குடித்ததால்! சிலர் ஓட்டத்தின் முடிவில் தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தார்கள். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. ஆகவே, ‘குடி, குடி’ என்று வற்புறுத்துகிற துணை நல்ல துணை அல்ல. தாகத்தைக் கேட்டு, விரல் மோதிரம் இறுகுகிறதா என்று பார்த்து, பேச்சு குழறுகிறதா என்று கவனித்து, வேண்டிய இடத்தில் ‘போதும், இன்றைக்கு இத்தோடு நிறுத்து’ என்று சொல்லத் துணிகிறவர்தான் துணை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பாதித் தூரம் நெருங்கியதும் இன்னொரு சலுகை கிடைக்கிறது. குழு வைத்திருப்பவரோடு ஒருவர் உடன் ஓடலாம். அந்த நேரத்தில்தான் இருட்டும். மே மாதக் கடைசியில் அங்கே இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், 5 மணிக்கு முன்பே விடியும். குட்டி இரவுதான். ஆனாலும் நள்ளிரவு தாண்டினால் தூக்கம் கெட்ட மூளை வேடிக்கை காட்டத் தொடங்கும். புதர் மனிதனாகும். கட்டிப்போட்ட படகு வீடாகும், வீட்டில் ஆட்கள் நடமாடுவார்கள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வேலி, நடுவில் படகுக் கயிறு கட்டிய இரும்பு முளைகள். தடுக்கினால் கால்வாய்தான். உடன் ஓடுகிறவர் அங்கே வேகம் கொடுக்க வருவதில்லை. ‘இடதுபக்கம் முளை, குனி, பாலம்’ என்று சொல்லவே வருகிறார்.

கால்வாய்க் கரையில் நீண்ட தூரம் போனவர்கள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்ட் வரை 184.5 மைல் நீளத்துக்கு செசபீக் - ஒஹாயோ கால்வாய் இருக்கிறது. 1924இல் படகுப் போக்குவரத்து நின்று, பாழடைந்து கிடந்தது. அதன் மேல் நெடுஞ்சாலை போடலாம் என்று பேச்சு வந்தது. வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு இந்தக் கரையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று ஆசிரியரை அழைத்தார். 1954 மார்ச்சில் நடந்தார்கள். எட்டு நாள். புறப்பட்ட கூட்டத்தில் முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் ஒன்பதே பேர், டக்ளஸையும் சேர்த்து. ஆனால் ஒன்பது பேரின் காலால் மட்டுமா கால்வாய் பிழைத்தது? பின்னால் மூட்டை சுமந்து வந்த வண்டிகள், சமைத்துப் போட்டவர்கள், ஊருக்கு ஊர் கரையில் வந்து நின்றவர்கள், மனம் மாறி எழுதிய பத்திரிகை எல்லாம் சேர்ந்துதான் நெடுஞ்சாலையை நிறுத்தின. 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

அதே கரையில் 1963 பிப்ரவரியில், உறைபனியில், அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி 50 மைல் நடந்தார். காலில் ஓட்டக் காலணி இல்லை, அலுவலகத்துக்குப் போடும் தோல் ஷூ. கூடக் கிளம்பிய நால்வரும் வழியில் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர் 17 மணி 50 நிமிடத்தில் முடித்தார். அண்ணன் ஜனாதிபதி தொடங்கிவைத்த 50 மைல் மோகத்தில் அந்த ஆண்டு நாடெங்கும் பல ஓட்டங்கள் நடந்தன. ஒன்று இன்றும் தொடர்கிறது. அண்ணனின் பெயர்ச் சுருக்கத்தில் ஜே.எஃப்.கே. 50 என்று பெயர். முதல் ஆண்டு 11 பேர் கிளம்பி 4 பேர் முடித்தார்கள். அதன் பாதையில் 26 மைலுக்கு மேல் இந்தக் கால்வாய்க் கரைதான்.

மறுபடியும் லண்டனுக்கு வருவோம், ஓட்டக்காரர் இன்னும் வழியில் இருக்கிறார். 130 மைல் தாண்டியதும் புல்ஸ் பிரிட்ஜ். அங்கே இடதுபக்கம் திரும்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நேரே போனால் வேறு எங்கோ போய்விடுவார். இனி 13.5 மைல், ஒரு லாக் கூடக் கிடையாது. சவுத்ஹால் வரும். அடுத்து ஆல்பெர்ட்டன். அங்கே ஈலிங் ரோடு கால்வாயைக் கடக்கிறது. இலங்கைத் தமிழர்கள் நிறைந்த பகுதி. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கடை வாசலில் குவிந்திருக்கும். பாலத்தின் கீழே 130 மைலுக்கு மேல் ஓடிவந்த ஒருவர் நொண்டிக்கொண்டே போவது மேலே காய் வாங்குகிறவருக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் போனால் கால்வாயே பாலமாகிறது. வடக்கு வட்டச்சாலைக்கு மேலே தண்ணீர் போகிறது, கீழே கார்கள் பறக்கின்றன. பிறகு கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தின் சுவர். பிறகு லிட்டில் வெனிஸ்.

உதவி வாங்கி ஓடினால் அது சாதனையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா ஓட்டத்துக்கும் ஒரே விதி இல்லை. 2019இல் ஜாஸ்மின் பாரிஸ் பிரிட்டனின் ஸ்பைன் ஓட்டத்தை, 268 மைல், 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்து முதலிடம் பெற்றார். அங்கே சொந்தத் துணைக்குழு கூடாது. வழியிலுள்ள நிலையங்களில் ஓய்வெடுக்கலாம். கைக்குழந்தையின் தாய் என்பதால், அந்த நிலையங்களில் அவர் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு ஓடினார். கால்வாய் ஓட்டம் உதவியை மறைக்கவில்லை. எங்கிருந்து ஆள் உடன் வரலாம், எத்தனை நிமிடம் உட்காரலாம் என்று எழுதி வைத்தே அனுமதிக்கிறது. காலை மட்டும் யாரும் எடுத்து வைத்துத் தர முடியாது. மற்றதெல்லாம் பகிர்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் கணக்கு.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலிஃபோர்னியாவில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற 100 மைல் ஓட்டம் உண்டு. ஓடுகிறவர்கள் 400க்கும் குறைவு, அவர்களுக்குத் தொண்டு செய்பவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் ஓட வேண்டுமானால் பயிற்சி மட்டும் போதாது, ஓட்டங்களிலோ பாதைப் பராமரிப்பிலோ 8 மணி நேரத் தொண்டு செய்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த விதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த நீண்ட ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது, முதல் ஆண்டு ஓட்டக்காரராகப் போகாமல் தன்னார்வலராகப் போங்கள். இரவு 2 மணிக்கு வரும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், காலணி நாடாவை அவிழ்த்து விடுங்கள், யார் கண் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். மறு ஆண்டு நீங்கள் ஓடும்போது, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் யாரை அனுப்புவது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.